மினோரி மீது ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரில் கல்லூரி முதலாமாண்டு படிக்கிறீர்கள். தோழி சொன்னதால் ‘டோரடோரா’ என்ற பள்ளிக் காதல் அனிமேயை, அதாவது ஜப்பானிய வரைபடத் தொடரை, பார்க்கத் தொடங்கினீர்கள். 19-ஆம் பகுதியில், கிறிஸ்துமஸ் இரவில், நாயகன் ரியூஜி தன் மனத்தைச் சொல்ல வாய் திறப்பதற்கு முன்பே மினோரி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அதைப் பார்த்து அவள் மீது உங்களுக்கு அடங்காத கோபம். தோழியோ மினோரியின் பக்கம். வாக்குவாதம் முற்றி இரண்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. ‘ஒரு கார்ட்டூனுக்காக இப்படி ஆவது இயல்புதானா, மினோரி செய்தது சரியா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டா, இல்லை என்னிடம்தான் ஏதோ கோளாறா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். 19-உடன் நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருப்பதால் அதற்குப் பிறகு வரும் கதையைத் தொட மாட்டேன்.

நான் படித்தது உளவியல். புதுச்சேரியில் பல ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் தங்கள் கதையைச் சொல்லிவிடுவதில்லை. ஏதாவது ஓர் அனிமே பாத்திரத்தின் கதையை முதலில் சொல்வார்கள். அந்தப் பாத்திரத்தை எங்கே திட்டுகிறார்கள், எங்கே காப்பாற்றுகிறார்கள் என்று கவனித்தால் அவர்களுடைய சங்கதி தானாக வெளியே வரும். இந்த ஊருக்கு இதில் ஒரு தனித்தன்மையும் இருக்கிறது. ஜப்பானுக்கு வெளியே மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதை மிக அதிகமாக விற்கும் நாடுகளில் பிரான்ஸ் முன்வரிசையில் நிற்கிறது. பாரிஸ் பக்கம் குடியேறிய அத்தை, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் இங்கே வரும்போது பெட்டியில் பிரெஞ்சு மாங்கா புத்தகங்கள் இருக்கும். அவர்கள் திரும்பிப் போன பிறகும் அந்தப் புத்தகங்கள் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் கைமாறிக்கொண்டிருக்கும். பிரெஞ்சு தெரியாதவர்கள் படத்தை வைத்தே கதையைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே ‘கார்ட்டூனுக்காகவா’ என்று யாரும் உங்களைக் கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள். அது வரைந்த கதை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்கிறேன். திரையில் வருபவர்களோடு நாம் ஒருபக்க உறவு கொள்கிறோம் என்பதை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அன்று தொலைக்காட்சி புதிது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. டோரடோராவில் மொத்தம் 25 பகுதிகள். நீங்கள் 19 பகுதிகளைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளுடன் இருந்திருக்கிறீர்கள். அவர்களுடைய சமையலறை, வகுப்பறை, வீட்டுக்குத் திரும்பும் தெரு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்த ஒருத்தி தப்பு செய்கிறாள் என்று பட்டால் கோபம் வரத்தான் செய்யும். கோபம் வந்ததில் கோளாறு ஏதுமில்லை.

ஆனால் கோபம் வந்த அளவும், அது மினோரியின் தலையில் மட்டும் விழுந்ததும் யோசிக்க வேண்டியவை. அந்தப் பகுதி கட்டப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். பள்ளியில் விழா. மினோரியின் உயிர்த்தோழி தைகா விழாவிலிருந்து தனியாக வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவள் தனியாக இருக்கக் கூடாது என்று ரியூஜி கரடி வேடம் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறான். இருவரும் சிரித்து விளையாடுகிறார்கள். பிறகு மினோரி காத்திருப்பாள், போ என்று அவளே அவனைத் தள்ளி அனுப்புகிறாள். அவன் போன பிறகுதான், தானும் அவனை விரும்புவது அவளுக்கு உறைக்கிறது. தெருவுக்கு ஓடிவந்து அவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அந்தக் கதறலை மினோரி பார்த்துவிடுகிறாள். ரியூஜி பார்க்கவில்லை. இங்கேதான் கதையின் கண்ணி இருக்கிறது. தைகாவின் மனம் நமக்குத் தெரியும், மினோரிக்குத் தெரியும், ரியூஜிக்குத் தெரியாது. மினோரிக்குத் தெரிந்துவிட்டது என்பது தைகாவுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவர் பார்வையாளர் மட்டுமே. அப்படி எல்லாம் தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஒன்றும் செய்ய முடியாத தவிப்பு வரும். அந்தத் தவிப்பு யார் மீதாவது இறங்கியாக வேண்டும். கடைசியாகக் கதவை மூடுபவள் மினோரி என்பதால் அவள் மீது இறங்குகிறது.

இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. உடலில் ஒரு கிளர்ச்சி ஏறிவிட்டால், ஏற்றிய காரணம் போன பிறகும் அது உடனே இறங்குவதில்லை. அடுத்து வரும் உணர்ச்சியின் மேல் அது ஏறிக்கொள்ளும். டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் 1971-லிருந்து இதைச் சோதனைகளில் காட்டினார். கரடி வேடக் காட்சியில் நெஞ்சு நிறைந்திருக்கிறது. அந்த நிறைவு இறங்குவதற்குள் தைகாவின் ஓட்டம். அது இறங்குவதற்குள் மினோரியின் மறுப்பு. மகிழ்ச்சியின் படபடப்பும் சேர்ந்துதான் கடைசியில் கோபமாக வெளியே வருகிறது. 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை இந்தத் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பானபோது ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது. நீங்கள் இரவோடு இரவாக எத்தனை பகுதிகளைத் தொடர்ந்து பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. ஒரே மூச்சில் பார்த்திருந்தால் இந்தக் காரணத்தின் பங்கு பெரிது என்று துணிந்து சொல்வேன்.

ஜப்பானியப் பள்ளிச் சூழலையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அந்த இரவின் கனம் பிடிபடும். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு காதலர்களுக்கானது என்றே வழக்கமாகிவிட்டது. நம்மூர் மாதா கோயில் நள்ளிரவுப் பூசையை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் பொருள் தவறிப்போகும். அன்று ஒருத்தியைச் சந்திக்க வரச் சொல்வதே பாதி மனத்தைச் சொன்ன மாதிரி. மீதிப் பாதியை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இருவரும் காதலர்கள் என்று ஆகும். அதற்கு முன் எவ்வளவு நெருங்கிப் பழகினாலும் கணக்கில் வராது. அதனால்தான் மினோரி அவன் சொல்வதற்கு முன்பே பேசிவிடுகிறாள். சொன்ன பிறகு மறுத்தால் அவன் மறுக்கப்பட்டவன் ஆகிவிடுவான். சொல்லவே விடாவிட்டால் நாளை வகுப்பில் பழைய நண்பர்களாக உட்காரலாம் என்று ஒரு வழியை அவள் திறந்துவைக்கப் பார்க்கிறாள். பெயர் சொல்லி அழைக்கும் முறையையும் கவனியுங்கள். ரியூஜி அவளைக் குடும்பப் பெயரால் ‘குஷியேதா’ என்றுதான் அழைக்கிறான். அவளும் அவனை ‘தகாசு’ என்கிறாள். தைகாவும் ரியூஜியுமோ தொடரின் முதல் சில பகுதிகளிலேயே ஒருவரை ஒருவர் சொந்தப் பெயரால் அழைத்துக்கொள்கிறார்கள். தெருவில் தைகா கதறுவது அந்தப் பெயரைத்தான். தான் இதுவரை ஒருமுறையும் அழைக்காத அந்தப் பெயரைத் தன் தோழி அழுதுகொண்டே கூப்பிடுவதை மினோரி கேட்கிறாள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம் அகப்பாட்டு மரபில் தலைவி உண்டு, தலைவன் உண்டு, தோழி உண்டு. தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. தூது போவாள், தலைவியின் தாயிடம் குறிப்பாகப் பேசுவாள், தலைவனிடம் திருமணத்தைச் சீக்கிரம் முடி என்பாள். தேவைப்பட்டால் அவனைத் திருப்பியும் அனுப்புவாள். சேட்படை என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. அவன் கொண்டுவந்த பரிசை வேண்டாம் என்று மறுக்கும் பாட்டுகள் சங்க இலக்கியத்தில் உண்டு. இத்தனையும் செய்கிற தோழிக்கு அந்தப் பாட்டுகளில் சொந்தமாக ஒரு காதல் கிடையாது. அவள் மனம் முழுக்கத் தலைவிக்காக. நம் திரைப்படங்களிலும் நாயகியின் தோழிக்குப் பெரும்பாலும் அதே நிலைதான். இந்தத் தொடர் தொடக்கத்தில் மினோரியை அதே இடத்தில் நிறுத்துகிறது: உரக்கச் சிரிப்பவள், தைகாவைக் கட்டிப்பிடித்துக்கொள்பவள், கோமாளித்தனம் செய்பவள். பிறகு மெதுவாக, இவளுக்கும் ஒரு மனம் இருக்கிறது, அது தன் தோழியின் மனம் போன திசையிலேயே போகிறது என்று காட்டிவிடுகிறது. சேட்படைக்கு உரிய மறுப்பைத்தான் அவள் சொல்கிறாள். ஆனால் அந்த மறுப்பில் அவளுடைய சொந்த இழப்பும் கலந்திருக்கிறது. தோழியைத் தோழியாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. ‘இவளுக்கு என்ன வந்தது’ என்று நீங்கள் எழுதியிருந்த வரியில் அந்தத் திகைப்பைத்தான் நான் படித்தேன்.

மினோரி செய்தது சரியா? என் கருத்தைக் கேட்டால், அவள் செய்தது அன்பினால் செய்த ஒரு தவறு. அவள் தன் காதலைத் தானே கைவிட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அது அவள் உரிமை. ஆனால் அதோடு நிற்காமல் தைகாவுக்கு என்ன வேண்டும், ரியூஜிக்கு யார் வேண்டும் என்பதையும் அவர்களைக் கேட்காமலே அவள் முடிவு செய்கிறாள். தைகாவும் அதே இரவில் அதையேதான் செய்கிறாள் என்பதை மறக்க வேண்டாம். அவளும் யாரையும் கேட்காமல் ரியூஜியை மினோரியிடம் அனுப்பிவைக்கிறாள். இரண்டு தோழிகளும் ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்க, நடுவில் ரியூஜி பந்தாடப்படுகிறான். தைகா விட்டுக்கொடுத்தபோது உங்களுக்குக் கண்ணீர் வந்தது, மினோரி விட்டுக்கொடுத்தபோது கோபம் வந்தது. ஒருத்தியின் அழுகையைக் கேமரா நமக்குக் காட்டியது, இன்னொருத்தியின் அழுகையை மறைத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் மேல்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 16, 17 வயது. நம் பிளஸ் ஒன் வயது. அந்த வயதில் தோழியா காதலா என்ற கணக்கைத் திருத்தமாகப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பார்வையாளரின் கோபம் கதாசிரியர் மீது திரும்ப வேண்டிய தொடர்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பாதி வாக்கியத்தை ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு ஓடுவாள். மீதியைக் கேட்டிருந்தால் சிக்கலே இல்லை. அதை வைத்து நாலு பகுதிகளை ஓட்டுவார்கள். ஊடல் உணவில் உப்பு அமைந்தாற் போன்றது, அதை நீள விடுவது உப்பு மிகுந்தாற் போன்றது என்று புலவி அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதைவிட நல்ல விமர்சனத்தை இந்தத் தொடர்களுக்கு யாரும் எழுத முடியாது. (அதற்கடுத்த அதிகாரத்தில், கணவன் தும்மியதும் ‘யார் நினைத்துத் தும்மினீர்’ என்று மனைவி அழுவாள். ஜப்பானிலும் யாராவது நம்மைப் பற்றிப் பேசினால் தும்மல் வரும் என்றொரு நம்பிக்கை உண்டு. அனிமேயில் அது அடிக்கடி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறள் நினைவுக்கு வந்து மனம் குளிரும்.) டோரடோராவின் சிக்கல் அப்படி ஒட்டவைத்ததன்று. அன்றிரவு ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டாலும் அது தீராது. சொன்னால் தோழமை போகும், சொல்லாவிட்டால் காதல் போகும். கோடை விடுமுறையில் வகுப்புத் தோழி அமியின் கடற்கரை வீட்டில், காதலை மனத்தில் வைத்துப் பேயைப் பற்றியும் பறக்கும் தட்டைப் பற்றியும் மினோரி ரியூஜியிடம் பேசுவாளே, அப்போதே இதற்கு விதை போட்டாயிற்று. கிறிஸ்துமஸ் இரவில் அவள் மறுப்பதும் அதே பேச்சை எடுத்துத்தான். நடுவில் அமி அவளிடம் குற்ற உணர்வைப் பற்றிக் குத்தலாகக் கேட்பதும் வருகிறது. மூலக் கதையை எழுதிய நாவலாசிரியர் யுயுகோ தகேமியாவும் திரைக்கதையை வழிநடத்திய மாரி ஒகாதாவும் பார்வையாளரை ஏமாற்றவில்லை. அந்தக் கடற்கரைப் பேச்சை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அவள் விளையாட்டாகப் பேசவில்லை என்பது இப்போது தெரியும்.

லாசுப்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், சுவரில் வெள்ளைத் துணி கட்டி இந்தப் பகுதியைச் சில கல்லூரிப் பிள்ளைகளுடன் சேர்ந்து பார்த்தோம். மினோரி பறக்கும் தட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பேச்சு போகப் போகச் சிரிப்பு நின்றது. முடிந்து விளக்கைப் போட்டதும் வழக்கம்போல இரண்டு கட்சியானது. அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டே, ‘என் அக்காவும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே பேசுவாள்’ என்றாள். யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் மினோரியைத் திட்டியவர்கள் யார், காத்தவர்கள் யார் என்று பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. காரணம் சொல்லாமல் ஒருவரால் விலக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் திட்டினார்கள். வீட்டிலோ நட்பிலோ விட்டுக்கொடுத்தே பழகியவர்கள் காத்தார்கள். என் அறைக்கு வரும் பிள்ளைகளிடமும் இதே சாயலைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது என் அனுபவம் சொல்வது மட்டுமே. என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு மனச்சுமையோடு வருகிறவர்கள் என்பதால் எல்லோருக்கும் இதைப் பொருத்த முடியாது. உங்களுக்குப் பொருந்துகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உறுதியில்லாத வேறு சிலவற்றையும் உறுதியானவை போலப் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எளிமையாக வரைந்த முகத்தில் யாரும் தன்னைப் பொருத்திப் பார்க்கலாம், ஆகவே அனிமே நடிகர்கள் நடித்த படத்தைவிட ஆழமாகத் தாக்கும் என்பது ஒன்று. படக்கதைகளைப் பற்றி ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் இதைச் சொன்னார். எனக்கு அது பிடித்த கருத்து. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதியும் அதே திசையில்தான் போகிறது. பெயர் இல்லாததால் யாரும் உள்ளே நுழையலாம். இருந்தாலும் இது ஒரு கலைஞரின் நுட்பமான ஊகம் என்ற அளவில்தான் நிற்கிறது. அறிவியல் முடிவு என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக் காதல் தொடர் பார்க்கும் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சொல்வதும், இவற்றைப் பார்த்தால் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ளும் திறன் வளரும் என்று ரசிகர்கள் சொல்வதும் அப்படித்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் இரண்டுக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது; அதை வைத்து விதி எழுத மாட்டேன்.

உங்களைப் பற்றியும் ஓர் எல்லைக்குள் நின்றுதான் பேச முடியும். எழுதிய பத்து வரியை வைத்து ஒருவரின் மனநிலையை எடைபோடக் கூடாது. இரண்டு நாள் கோபமும் வருத்தமும் இயல்பு. இரண்டு மூன்று வாரம் கழிந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அல்லது அந்தக் காட்சி உங்கள் வாழ்வில் நடந்த வேறொன்றைக் கிளறி அது ஓயாமல் வருகிறது என்றால் நேரில் ஒருவரிடம் பேசுங்கள். உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் போகலாம். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வருவதும் பெரிய பயணமன்று.

தோழியிடம் நீங்களே முதலில் பேசுங்கள். யார் சொன்னது சரி என்று மறுபடி தொடங்க வேண்டாம். ‘அந்தப் பகுதியில் உனக்கு முதலில் யார் மீது இரக்கம் வந்தது, எந்த இடத்தில்’ என்று கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். மினோரியின் பக்கம் நின்று அவள் அவ்வளவு சூடாகப் பேசியதற்குக் காரணம் தொடருக்கு வெளியே இருக்கக்கூடும்.

மீதி ஆறு பகுதிகளைப் பார்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் பாருங்கள், 19-உடன் நிறுத்தினால் மினோரிக்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம். 21-ஆம் பகுதியில் இன்னொரு சண்டை வருகிறது. யாருக்கும் யாருக்கும் என்று சொல்ல மாட்டேன். அதைப் பார்த்ததும் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். கடைசி நாலையும் ஒன்றாகப் பார்க்கலாம், செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவாக மட்டும் அது இருக்க வேண்டாம். முடிந்தால் தோழியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.